முத்தம்மாள் மறித்த பெங்களூர் மோட்டார்

முதலில் பேசியவள் முத்தம்மாள்தான்.

"எந்த ஊரு வண்டி நைனா இது?"

பெங்களூர் என்றான் மோட்டார் டிரைவர். அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. திருமழிசைக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் பெங்களூர் சாலையைக் குறுக்காக மறித்திருந்த சுங்கச்சாவடிக் கம்பத்துக்கு முன்னால் அந்த வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

முத்தம்மாள் எட்டணா கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். மைசூர் சமஸ்தானத்தில் வண்டிக்கு வரி கட்டியாகிவிட்டது, இது அதற்கு ரசீது, ஒரே வண்டிக்கு இரண்டு இடத்தில் யார் கட்டுவார்கள் என்று கேட்டான். அவள் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாலையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள். நான் யாரென்று அவளுக்கு அப்போது தெரியாது. என் கையில் புத்தகங்கள் இருந்தது அவளுக்குப் போதுமாயிருந்தது.

"கண்ணு, இதுல இன்னா எழுதிகீதுன்னு பாரு."

இங்கிலீஷில் இருந்தது. மைசூர் சமஸ்தானத்துச் சாலைகளில் ஓட்டுவதற்காக என்று படித்துத் தமிழில் சொன்னேன்.

"பூந்தமல்லின்னு எங்கனா கீதா?"

இல்லை என்றேன்.

"மெட்ராசுன்னாவது?"

அதுவும் இல்லை.

அவள் காகிதத்தை மடித்து அவனிடமே கொடுத்தாள். "இது உங்க ஊரு ரோட்டுக்கு நைனா. உங்க ஊர்ல கட்டுன காசு இங்க வந்து ஜல்லி கொட்டுமா?"

"உங்க மெட்ராஸ் வண்டிங்க எங்க பெங்களூருக்கு வர்றதில்லையா அக்கா? அதுங்க எங்க ரோட்டைத் தேய்க்கலையா?"

"தேய்க்கத்தான் தேய்க்குது. அங்கயும் ஒரு முத்தம்மாவைக் குந்த வச்சு வாங்கிக்கோ."

பின்னால் நின்றிருந்த மாட்டுவண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவன் விடவில்லை. போகிற வழியெல்லாம் காப்பி குடிக்கிறேன், பலகாரம் தின்கிறேன், மெட்ராஸில் பெட்ரோல் போடுகிறேன், இந்தச் சீமைக்கு என்னால் வரவுதானே என்றான். காப்பிக் கடைக்காரனா ரோடு போடுகிறான் என்று முத்தம்மாள் கேட்டாள். அயனம்பாக்கத்திலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த பெரியவர் ஒருவர் வண்டியிலிருந்தபடியே தன் நியாயத்தைச் சொன்னார்.

"நான் நெலத்துக்குத் தீர்வை கட்றேன். இந்தக் கேட்டுலயும் கட்றேன். நீ மட்டும் பொகையை உட்டுகினு சும்மா பூடுவியா மாமே?"

டிரைவர் எட்டணாவைக் கொடுத்தான். கம்பம் மேலே போயிற்று. அவன் பெயர் நாகேந்திரன் என்றும், பெங்களூரில் ஒரு வியாபாரியின் முட்டைக்கோசையும் உருளைக்கிழங்கையும் மெட்ராஸ் பங்களாக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். வாரம் ஒரு முறை வருவான். வந்தபோதெல்லாம் இந்த வழக்கு நடக்கும். இரண்டு பேருக்கும் அதில் சந்தோஷம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில். நான் அப்போதுதான் பூந்தமல்லிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருமழிசையிலிருந்து தினமும் நடந்து போவேன். யாரிடமும் அதிகம் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. அதனாலேயே முத்தம்மாளுக்கு என்னைப் பிடித்துவிட்டது. அவள் பேசுவதற்கு இடம் நிறைய இருந்தது.

அவள் சேக்காட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் துலுக்கானம்தான் முதலில் சாவடியில் இருந்தான். மிரண்டு ஓடிய ஒரு வண்டியின் சக்கரம் அவன் காலில் ஏறியதிலிருந்து அவனால் கம்பத்தின் கயிற்றை இழுக்க முடியவில்லை. அதுவரை நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த முத்தம்மாள் கயிற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சாவடியை ஒட்டி ஓடு வேய்ந்த ஓர் அறை இருந்தது. சாவடியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்த அறை. துலுக்கானம் அதற்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே வருகிற வண்டி எந்த ஊர் வண்டி என்று சொல்லுவான். பத்துக்கு இரண்டு தப்பும். தப்பினால் மாட்டின் மேல் பழியைப் போடுவான்.

ஜில்லா போர்டு அந்தச் சாவடியை வருஷா வருஷம் ஏலம் விடும். அந்தச் சமயம் குத்தகை எடுத்திருந்தவர் பூந்தமல்லி அமீருதீன் சாயபு. நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். சீட்டுக் கிழிக்காமல் ஒரு வண்டியும் போகக் கூடாது என்பார். அவரே ஒப்புக்கொண்டு விட்டிருந்த விலக்கு ஒன்றுதான். புதுப்பெண் முதல் தடவையாக மாமியார் வீட்டுக்குப் போகிற வண்டியைக் கம்பம் மறிக்கக் கூடாது. போர்டின் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது தெரியும். வாழப் போகிற பெண்ணுக்கு முன்னால் வழி அடைபட்டால் அவள் வாழ்வும் அடைபட்டுப்போகும் என்று நினைத்தார்கள். மேளச் சத்தம் கேட்டவுடனேயே முத்தம்மாள் கம்பத்தை உயர்த்திவிடுவாள். வண்டி போகும்போது பெண்ணுக்குக் குங்குமமும் வைப்பாள்.

ஒரு நாள் நாகேந்திரன் சீட்டுக்காகக் காத்திருந்தபோது ஒரு பெண்வண்டி நிற்காமல் போனதைப் பார்த்தான். அதற்கு ஏன் காசு வாங்கவில்லை என்று கேட்டான். முத்தம்மாள் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு அவன் வழக்காடாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவன் மோட்டார் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு வந்தது. பின்னால் பட்டுப்புடவையில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கம்பம் உயர்ந்தது. அவள் அவனுடைய அக்காள் என்பதும், அவளுக்கு நாலு பிள்ளைகள் என்பதும் அவனே பிற்பாடு ஒப்புக்கொண்ட சங்கதிகள். அதற்கடுத்த வாரமும் மாலை வந்தது, அதே பட்டுப்புடவை வந்தது. இந்த முறை பெண்ணுக்கு வெட்கம் அதிகம், முக்காடு மார்வரைக்கும் இறங்கியிருந்தது. அமீருதீன் சாயபு சாவடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முத்தம்மாள் கம்பத்தை உயர்த்தி, குங்குமச் சிமிழோடு ஓடிப்போய், முக்காட்டை மெதுவாக விலக்கினாள். உள்ளே நெற்றி இல்லை. சாக்கு மூட்டை இருந்தது. நிறைய உருளைக்கிழங்கு.

சாயபு சிரித்த சிரிப்பில் தலைத்தொப்பி கீழே விழுந்துவிட்டது. நாகேந்திரனும் சிரித்துக்கொண்டே இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் காசை வைத்தான். ஆனால் அவன் போன பிறகு சாயபு தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு சொன்னது வேறு.

"இத பாரு முத்தம்மா. நம்ம ஊரு மாட்டுவண்டியில பொண்ணு போனா மாமூல்படி உடு. வெளிச்சீமை மோட்டாருக்கு அது கெடையாது. உள்ள பொண்ணு இருந்தாலும் சரி, கெழங்கு இருந்தாலும் சரி. இனிமே ஒண்ணு சும்மா போச்சுன்னா, மாசக் கடைசியில வேற ஆளைப் போட்டுடுவேன்."

மறுநாள் காலையில் அவள் இதை என்னிடம் சொன்னாள். வேலை போனால் நடவுக்குப் போய்விடுவேன் என்றாள். பிறகு ஓடு வேய்ந்த அறையைக் காட்டி, "ஊடு போச்சுன்னா இந்த மனுசனைத் தூக்கிகினு எங்க போவேன்?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து துலுக்கானம், தன்னை யாரும் தூக்க வேண்டாம், நொண்டிக்கொண்டு வருவேன் என்றான். அவள் சிரித்தாள். பிறகு அடுத்த வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கப் போனாள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பூந்தமல்லிப் பக்கமிருந்து நாகேந்திரனுடைய வண்டி மாலையோடு வந்தது. ஹாரன் தூரத்திலிருந்தே விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. முத்தம்மாள் கயிற்றைத் தொடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலியில் சாயபு இருந்தார்.

மோட்டாரின் மூக்கு கம்பத்தில் இடித்து நின்றது.

"கெழங்கா, கோசா?" என்றாள் முத்தம்மாள்.

நாகேந்திரன் பட்டு வேட்டி கட்டியிருந்தான். "அக்கா, சத்தியமா கல்யாணம். முந்தாநாள் கொரட்டூர்ல நடந்துச்சு."

"போன தபாகூட சத்தியந்தான்."

அப்போது பின்னாலிருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். பதினெட்டு வயது இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு நிறம் மங்காமல் இருந்தது. பெயர் பூங்காவனம். பக்கத்தில் துணைக்கு வந்திருந்த அவளுடைய அத்தை முன்னால் கிடந்த கம்பத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கொரட்டூரிலும் இந்த வழக்கம் உண்டு.

முத்தம்மாளின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. அவள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு சாயபுவைப் பார்த்தாள். சாயபு அசையவில்லை. இது பெங்களூர் மோட்டார், சொன்ன சொல் சொன்னதுதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நாகேந்திரன் அவசரமாக எட்டணாவை எடுத்தான். அதற்குள் அத்தை அவன் கையைப் பிடித்துவிட்டாள். புதுப்பெண்ணை வைத்துக்கொண்டு, அவளுக்கு வழிவிடக் காசு கொடுப்பதா, அதைவிட வண்டியைத் திருப்பு, இன்னொரு நல்ல நாளில் வரலாம் என்றாள். திருப்பினால் பெண் பாதி வழியில் வீடு திரும்பியவள் ஆவாள், அது இன்னும் கெடுதல் என்று வண்டிக்காரர்களில் ஒருவர் சொன்னார். காசு கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு, திரும்பினாலும் தப்பு. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பூங்காவனம் அழவில்லை. தன்னால் இத்தனை பேருக்குத் தொந்தரவா என்பது போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது. கும்பலைச் சுற்றிக்கொண்டு, தினமும் போகிற மாதிரி, கம்பத்தின் முனைக்கும் புளியமரத்துக்கும் இடையில் இருந்த ஒற்றையடி வழியில் நுழைந்தேன். முத்தம்மாள் என்னையே பார்த்தாள். நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து நின்றுவிட்டேன்.

அவள் மோட்டாரின் கதவைத் திறந்தாள்.

"எறங்கு கண்ணு. நடந்து போறவங்களுக்குக் காசும் கெடையாது, கம்பும் கெடையாது. டீச்சரம்மா தெனைக்கும் போவுது, யாரு மறிச்சாங்க?"

அத்தை யோசித்தாள். முத்தம்மாள் விடாமல் பேசினாள். கம்பம் மறித்தது மோட்டாரைத்தான், பெண்ணை அல்ல. பெண்ணின் கால் இன்னும் தரையிலேயே படவில்லை. இப்போதுதான் முதல் அடி வைக்கப்போகிறாள், அவளுக்கு முன்னால் வழி திறந்துதான் கிடக்கிறது. அத்தைக்கு இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் புளியமரத்தடிக்குப் போய், கம்பத்தின் முனை வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள்.

பூங்காவனம் இறங்கினாள். முத்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். மறுபக்கம் போனதும் முத்தம்மாள் மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து அவள் காலைக் கழுவி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். வைக்கும்போது விரலால் நெற்றியை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். ஏன் என்று பூங்காவனத்துக்குப் புரியவில்லை. நாகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தன் மனைவியிடம் சொல்ல வேண்டிய கதைகளில் அதுவும் ஒன்று.

காலி மோட்டாருக்கு எட்டணாவை அவன் சாயபுவிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். சாயபு தன் கையாலேயே சீட்டைக் கிழித்தார்.

"வண்டி வெளிச்சீமை வண்டி, அதுக்குக் காசு. பொண்ணு நம்ம ஊட்டுப் பொண்ணு, அதுக்கு இன்னாத்துக்குக் காசு? சரியாப் போச்சு."

"அப்போ நானு?" என்றான் நாகேந்திரன்.

"நீ கெழங்கு விக்கிறவன். கம்முனு ஓட்டு."

கம்பம் உயர்ந்து, மோட்டார் அந்தப் பக்கம் போய், பெண்ணை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போயிற்று. நான் பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.

மாசக் கடைசி வந்தது. முத்தம்மாள் சாவடியில்தான் இருந்தாள். இன்று அந்தக் கம்பம் இல்லை. மோட்டார்களுக்கு வேறு விதமாக வரி வந்து, சாவடிகளை எடுத்துவிட்டார்கள். எடுக்கும்வரை அவள்தான் கயிறு இழுத்தாள். வெளிச்சீமைக்காரன் நம் சாலைக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று படித்தவர்கள் இப்போதும் எழுதிக்கொள்வதைப் படிக்கிறேன். அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமைச் சங்கதி சாலை நெடுகப் பரவிவிட்டது. அடுத்த முகூர்த்தத்தில் புதுப்பெண்ணோடு வேலூரிலிருந்து ஒரு மோட்டார் வந்தது, சித்தூரிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு டிரைவரிடமும் முதலிலிருந்து விளக்கி முத்தம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சாயங்காலம் நான் திரும்பி வரும்போது அவள் புளியமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பலகை, தார் ஒரு கொட்டாங்கச்சியில், அதில் ஒரு வேப்பங்குச்சி.

"கண்ணு, நீ ரெண்டு பாஷை படிச்சவ. ரெண்டுலயும் எழுதிக் குடு. வெளிச்சீமை வண்டி காசு குடுக்கணும், புதுப்பொண்ணு எறங்கி நடந்து போலாம்னு. எழுத்து பெருசா இருக்கட்டும், அவனுங்க வர்ற வேகத்துல கண்ணுல படணும்."