மாமா ஊதிய கேமரா

என் தாய்மாமா மேல் எனக்கு இருந்த கோபம் லேசில் போகவில்லை. கல்யாணமாகி, தீவில் எங்கள் பேட்டையான ஷாதிபூரிலேயே வேறு வீட்டுக்கு மாறிய பிறகும் கூடவே வந்தது. அவர் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சண்டை போடத் தெரியாதவளுக்கு வேறு என்ன வழி?

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பாவுக்குத் தூரத்துக் கட்சால் தீவுக்கு மாற்றல் வந்தது. போனால் எப்போது லீவு, எப்போது கப்பல் என்று சொல்ல முடியாது. அப்பாவோடு ஒரு போட்டோ வேண்டும் என்று அழுதேன். அவர் படம் ஆபீஸ் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது, அதையும் அவர் கொண்டுபோய்விடுவார்.

சேதி தெரிந்து சென்னையிலிருந்து மாமா கப்பலேறி வந்தார், ஒரு பழைய ஃபிலிம் கேமராவோடு. வந்த அன்றே சோதித்துக் காட்டினார். ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே பார்க்கச் சொன்னார்.

"அமுக்கு பாப்பா. வெளிச்சம் வந்துட்டுப் போகணும். வரலைன்னா உள்ளே சிக்குதுன்னு அர்த்தம்."

அமுக்கினேன். கறுப்புத் தகடுகள் விலகி, ஒரு துண்டு வானம் வந்து மறைந்தது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

அது மழைக்காலம். எங்கள் ஊரில் செருப்புக்குக்கூடப் பூஞ்சை பிடிக்கும். நமுத்துப்போகக் கூடாத எல்லாமே, தீப்பெட்டி முதல் டார்ச் செல் வரை, அரிசி டின்னுக்குள் போய்விடும். கேமராவையும் அம்மா அதிலேயே புதைத்து வைத்தாள். அம்மா கை பட்டால் எந்தச் சாமானும் உருப்படாது என்பது அப்பா தினமும் சொல்வது. அதனால் கூடுதல் பத்திரம்.

அப்பா கிளம்பும் காலையில், ஃபிலிம் போடுமுன் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார் மாமா. அமுக்கினேன். இருட்டு. மறுபடியும் அமுக்கினேன். அதே இருட்டு.

"மாமா, வெளிச்சம் வரலை."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வீடே பயப்படும். "மெயின்லேண்ட்ல பழைய இரும்புக் கபாடிக்குப் போட்டதை எடுத்துட்டு வந்துட்டாரு இன்ஜினியர்!"

மாமா கேமராவை வாங்கி உள்ளே பார்த்தார். ஃபூவென்று ஊதினார். விரலால் எதையோ துடைத்தார். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"பழைய சாமான்தானே அத்தான். ஏமாந்துட்டேன்."

"அன்னைக்கு நல்லா வந்துச்சே மாமா!" என்று கத்தினேன்.

"அன்னைக்கே சிக்குச்சு பாப்பா. நான்தான் சொல்லலை."

பொய். என் கண்ணால் பார்த்ததை என்னிடமே இல்லை என்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"செய்யறதையும் செஞ்சுட்டு பாக்கெட்ல கையை விட்டுட்டு நிக்கிறான் பாரு. கையை வெளிய எடுத்துப் பேசுடா" என்றார் அப்பா. மாமா எடுக்கவில்லை. திமிர் என்று நானும் நினைத்தேன்.

போட்டோ இல்லாமலே அப்பா கப்பலேறினார். அடுத்த கப்பலில் மாமா ஊருக்குப் புறப்பட்டபோது நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

போன மழையில் என் போன் நனைந்துவிட்டது. மகன் அதை அரிசியில் புதைத்து வைத்தான். மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. பஜாரில் ரிப்பேர் கடைக்காரர் சார்ஜர் ஓட்டையில் ஃபூவென்று ஊதினார். குச்சியால் நோண்டி, விரலில் ஒட்டிய வெள்ளை மாவைக் காட்டினார்.

"அரே, அரிசியில யாரு வைக்கச் சொன்னது ஆன்ட்டி? மாவு பூரா உள்ளே போயி சிக்கியிருக்கு."

அந்த விரலையே பார்த்தேன்; அம்மா அரிசி டின்னில் புதைத்த கேமரா நினைவுக்கு வந்தது. என் கோபம் ஆறிவிடவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. இப்போது அப்பாவின் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அந்தக் காலையில், அவர் படியிறங்கித் தெருமுனை தாண்டும் வரை, மாமா பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.