கடப்படியில் வைத்த கூடை

காத்தான்குடியில் வாவிப் பக்கத்து ஒழுங்கையில் சாலிஹ் என்ற தறிக்காரனைத் தெரியாதவர்கள் கிடையாது. நெசவுக்காக அல்ல, பிடிவாதத்துக்காக. நெய்கிற சாரத்தில் ஓர் இழை பிசகினால் முழுத்துணியையும் பிரித்துப்போட்டு மறுபடி நெய்வான். வாங்க வந்த முதலாளி வெயிலில் நின்று விசிறிக்கொண்டிருந்தாலும் அவனுக்கு அக்கறையில்லை. யாரிடமும் யோசனை கேட்கமாட்டான். கேட்காமல் சொன்னவரிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அதனால் 1927ஆம் ஆண்டில் அவன் பெண்சாதி ஸஹீதா பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சலில் மவுத்தானபோது, அவன் ஏதாவது ஏறுமாறாகச் செய்வான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். செய்தான்.

அந்தப் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. பெண்சாதி போய்விட்டால் புருஷனுக்கு அங்கே பாயும் தலையணையும் மட்டும்தான் சொந்தம். அவற்றை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய், கொஞ்ச நாளில் இன்னோர் இடத்தில் முடிப்பான். பிள்ளை தாயின் சகோதரிகளிடம் வளரும். இதை யாரும் கொடுமை என்று நினைத்ததில்லை. ஸஹீதாவின் மூத்த ராத்தா றஸீனாவும் நினைக்கவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் சாலிஹுடைய பாயையும் தலையணையையும் வாசலில் கொண்டுவந்து வைத்தபோது அவள் அழுதுகொண்டுதான் வைத்தாள்.

"மச்சான், ஒங்களுக்கு வயசிரிக்கி. புள்ளைய நாங்க பார்க்கம். நீங்க மனசத் தேத்திக்கிட்டுப் போங்க."

"போறன் மதினி," என்றான் சாலிஹ். "என்ர சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போறன்."

பாயைச் சுருட்டி ஒரு கக்கத்தில் இடுக்கினான். மற்றக் கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். கை இரண்டும் நிறைந்துவிட்டதால் தலையணை வாசலிலேயே கிடந்தது. பிறகு அதை றஸீனாதான் ஆள் விட்டு அனுப்பினாள். அனுப்பினாளே தவிர, கோபத்தில் அவனோடு வெகுகாலம் பேசவில்லை.

பிள்ளைக்குக் கைறுன்னிஸா என்று பெயர். றஸீனா வீட்டில் இருந்தவரை வந்து போன பெண்கள் ஆளுக்கொரு தரம் பால் கொடுத்துச் சமாளித்திருந்தார்கள். சாலிஹ் தாய்வீட்டுக்குப் போகாமல் குடியேறிய தறிக்கொட்டிலிலோ நூலும் சாயமும் தவிர ஒன்றுமில்லை. ஆட்டுப்பாலை வெந்நீர் கலந்து சங்கில் ஊற்றிக் கொடுத்தான். குடித்ததையெல்லாம் பிள்ளை கக்கியது. ஊரில் யாருக்கும் தலை வணங்காதவன் அந்தச் சின்ன வாய்க்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வளவு ஆயிஷா உம்மாவுடையது. இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. வேலியில் பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வர ஒரு கடப்பு இருந்தது. அந்தக் கடப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஆட்டுப்பாலக் குடுத்துப் புள்ளையக் கொல்லாம இங்கால தாங்க. என்ர ஹஸீனாவும் குடிக்கிற புள்ளதான். ரெண்டுக்கும் காணும்."

சாலிஹ் நூல் வைக்கும் ஓலைக் கூடையில் பழஞ்சீலையை விரித்துப் பிள்ளையைக் கிடத்திக் கடப்படியில் வைத்தான். ஒரு தரம் செருமிவிட்டுத் தறிக்குத் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் கூடை திரும்பி வந்தது. பிள்ளை வயிறு உப்ப உறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத் தொடங்கியது அந்த ஏற்பாடு. ஆயிஷா உம்மாவுக்குத் தலைவலி என்றால் கூடை அடுத்த கடப்புக்குப் போகும். அங்கே விருந்தாளி வந்திருந்தால் அதற்கும் அடுத்ததற்கு. ஒழுங்கையில் பால் கொடுக்கும் தாய் இருந்த வீட்டில் எல்லாம் கைறு குடித்தாள். திரும்பி வரும் கூடையில் சில நாள் சீலைக்கடியில் பிடியரிசிப் பெட்டியும் இருக்கும். உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்து வைத்துச் சேர்த்த அரிசி. யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பெருநாள் வந்தால் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவன் நெய்த துண்டு ஒன்று கடப்பு வழியே போகும். கடன் வைக்கிற ஆளல்ல சாலிஹ்.

ஒருநாள் கூடை போய் வெகுநேரமாகியும் தறி ஓடவில்லை. வேலிக்கு அப்பால் ஆயிஷா உம்மாவின் குரல் கேட்டது.

"தறிச் சத்தம் கேக்கல்ல. அழுறீங்களா தம்பி?"

சாலிஹ் பொய் சொல்லத் தெரியாதவன். "ஓம் ராத்தா."

"அழுதுட்டு நெய்யுங்க. புள்ள என்னக்கிட்டத்தான் இரிக்கி. அவசரமில்ல."

ஸஹீதா போனபின் அவனை அழச் சொன்ன முதல் ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாரும் ஆண்பிள்ளை அழக்கூடாது என்றே சொல்லியிருந்தார்கள். அவன் ஆற அமர அழுதான். பிறகு நெய்தான்.

கைறு வளர்ந்தாள். சாலிஹ் அவளுக்குத் தலை பின்னிய அழகைப் பார்த்து ஒழுங்கைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தறியில் பாவு நூலை முறுக்குகிற முறுக்கில் பின்னுவான், பிள்ளை கண்ணைத் திறந்து மூட முடியாது. ஆனாலும் அவளுக்கு ஒரு குறையும் வரவிடவில்லை. அவள் பெரியபிள்ளையானதும் மற்றத் தகப்பன்மாரைப் போல அவன் கவலைப்படவும் இல்லை. மாப்பிள்ளையை எப்போதோ மனத்தில் பார்த்து வைத்துவிட்டான். ஆயிஷா உம்மாவின் மூத்த மகன் அப்துல் மஜீத். நல்ல பிள்ளை, கை சுத்தம், தறியும் பழகியவன். "மாமா, மாமா" என்று சாலிஹைச் சுற்றிச் சுற்றி வருவான்.

பால் விஷயத்தையும் அவன் மறக்கவில்லை. கைறு குடித்தது ஹஸீனாவோடு, ஆகவே அவர்கள் இருவரும் பால்குடிச் சகோதரிகள். மஜீத் அப்போதே பால் மறந்து வேலியோரம் ஓடித்திரிந்தவன். அவனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சாலிஹ் தானே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டான். யாரிடமாவது கேட்டானா? அதுதான் கேட்கமாட்டானே.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் வந்தது. நூல் வருவது நின்று, தறி பாதி நாள் சும்மா கிடந்தது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் அங்கே கலியாணம் நடக்காது. சாலிஹிடம் கூரைக்கு ஒரு வளைமரம் வாங்கவும் வழியில்லை. ஆனாலும் அவன் தைரியம் குறையவில்லை. ஆயிஷா ராத்தா வீட்டைச் சாட்டி வாதாடமாட்டாள். மாப்பிள்ளை, வீடு என்ற இரண்டு காரியமும் ஒரே பேச்சில் முடியும். அஸர் தொழுதுவிட்டு, வெற்றிலைத் தட்டோடு போய் வாசலில் உட்கார்ந்தான்.

"ராத்தா, மஜீத எனக்கு மருமகனாத் தாங்க."

திரைச்சீலைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் எழும்பி உடனே அடங்கியது.

"தம்பி, தெரிஞ்சுதான் கேக்கிறீங்களா? கைறு என்ர பாலக் குடிச்ச புள்ளயல்லவா."

"ஹஸீனாவோடதானே குடிச்ச. மஜீத் அப்ப பால் மறந்திட்டான்."

"ஒரு தாய்ர பால்தானே. முன்னுக்குப் பொறந்தவனும் அவளுக்குக் காக்காதான், பின்னுக்குப் பொறந்தவனும் தம்பிதான். நம்பிக்கையில்லாட்டி லெப்பையக் கேளுங்க."

பள்ளிவாசல் லெப்பையும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, வேறு எந்த வீட்டில் பிள்ளை வயிறு நிறையக் குடித்தாள் என்று கேட்டார். சாலிஹ் விரலை மடக்கத் தொடங்கினான். இரண்டு கை விரலும் போதவில்லை.

"அப்ப ஒங்கட ஒழுங்கையில ஒங்களுக்கு மாப்பிள்ளயே இல்ல," என்றார் லெப்பை.

வீட்டுக்கு வந்தவன் சோற்றில் கை வைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுக் கைறு சிரித்தாள்.

"மஜீத் காக்காவையா? சின்னதிலயிரிந்து காக்கா எண்டுதானே கூப்பிடுறன். ஒங்களுக்குக் கேக்கல்லயா வாப்பா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. றஸீனாவிடம் விட்டிருந்தால் பிள்ளைக்கு வீடும் இருந்திருக்கும், மாப்பிள்ளையும் வந்திருப்பான். தன் பிடிவாதத்தைக் கொண்டுபோய் வீடுவீடாக வைத்து, எல்லாக் கதவையும் தானே அடைத்துவிட்டான். இனி வெளியூர் மாப்பிள்ளைதான். வெளியூரான் வீடில்லாமல் வரமாட்டான். தன்னால் பிள்ளை குமராகவே இருந்துவிடுவாளோ என்று முதல்முறையாகப் பயந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது வளவில் மஜீத் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒழுங்கை இளந்தாரிகள் எல்லாரும் நின்றார்கள்.

"சாச்சா, ஊட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வெக்கிற?"

நேற்றுவரை மாமா என்றவன் சாச்சா என்கிறான். தங்கச்சியின் தகப்பன் மாமா ஆகமுடியாதுதானே.

"எந்த ஊடு?" என்றான் சாலிஹ்.

"தங்கச்சிர ஊடு. தங்கச்சிய ஊட்டுல ஏத்தாம நாங்க எப்பிடி முடிக்கிற? காக்காமாரு இத்தன பேரு இரிந்தும் சும்மா நிண்டம் எண்டால் எங்களுக்கு ஆர் பொண் தருவான்?"

அந்த ஊரில் அதுதான் வழக்கம். சகோதரிக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் ஆண்பிள்ளை தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறப்பான். சாலிஹ் மாப்பிள்ளைமாரைத்தான் இழந்திருந்தான். அண்ணன்மாரை ஒழுங்கை முழுவதும் பெற்று வைத்திருந்தது அவனுக்கே தெரியாது.

கிரான் பக்கத்திலிருந்து வண்டியில் மரம் வந்தது. வாவிக்கரையில் களிமண் வெட்டிச் சுமந்தார்கள். பால் கொடுத்த கைகள் எல்லாம் உட்கார்ந்து கிடுகு பின்னின. தறிக்கொட்டில் வளவில் வீடு எழுப்ப இடம் போதாது, நிலம் மட்டும்தான் இல்லை என்று நிற்கும்போது றஸீனா ஆள் அனுப்பிச் சாலிஹைக் கூப்பிட்டாள். தன் வளவின் தெற்கு மூலையைக் காட்டினாள்.

"இது ஸஹீதாட பங்கு. கேட்டாக் குடுப்பம் எண்டுதான் இரிந்தன். நீங்க கேக்கவே இல்லயே மச்சான்."

ஏறாவூரிலிருந்து ஆதம்பாவா என்ற பொடியன் மாப்பிள்ளையாக வந்தான். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல மஜீதும் கூட்டமும் அவனை முன்னும் பின்னும் பார்த்துத்தான் சம்மதித்தார்கள். பெண்ணுக்குக் காக்காமார் எத்தனை பேர் என்று மாப்பிள்ளை தரகனிடம் விசாரித்தானாம். பேசாமல் ஒழுங்காக இருந்துகொள் என்று தரகன் புத்தி சொன்னானாம்.

கலியாணக் காவின் எழுதி முடிந்து பந்தியும் எழும்பிவிட்டது. சாலிஹ் தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினான். இந்த முறை தலையணையையும் மறக்கவில்லை. வீடு மகளுடையது, புதுமாப்பிள்ளை வந்துவிட்டான், இனித் தறிக்கொட்டில்தான் தனக்கு இடம். யாருக்கும் சொல்லாமல் வீட்டின் பின்பக்கமாகப் போனவன் நின்றுவிட்டான்.

வீட்டோடு சேர்த்து ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கியிருந்தார்கள். விறகு வைக்க என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். இப்போது உள்ளே குழித்தறிக்குக் குழி வெட்டி, ஓரம் மெழுகி, அவனுடைய தறியையே கொண்டுவந்து பூட்டியிருந்தார்கள். நூல் கிடைக்காத காலத்தில் எங்கேயோ தேடிப் பிடித்துப் பாவும் போட்டிருந்தார்கள்.

"குழிய வெட்டிப்போட்டுத்தான் சாச்சா சுவர வெச்சம்," என்றான் மஜீத். "பாய உள்ள வையுங்க."

கைறு வந்து பாயையும் தலையணையையும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாலிஹ் குழியில் காலை இறக்கி உட்கார்ந்தான். மிதி சரியாகக் காலுக்கு எட்டியது. தறியின் ஓடத்தைக் கையில் எடுத்தான், ஓட்டவில்லை.

தட்டிக்கு அப்பால் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஆயிஷா உம்மாவின் குரல் வந்தது.

"தறிச் சத்தம் கேக்கல்ல. அழுறீங்களா தம்பி?"

"ஓம் ராத்தா."

"அழுதுட்டு நெய்யுங்க," என்றாள் அவள். "புள்ள ஊட்டுலதான் இரிக்கி."