டிக் அடித்த இரண்டு கட்டங்கள்

மும்பையில் அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நேர்காணல் என் கணவருக்கு. என்னை உள்ளே விடவில்லை. ஒருவழியாக அவர் வெளியே வந்தபோது கையில் பாஸ்போர்ட்டும் ஒரு தாளும் இருந்தன. விசா கிடைத்தவர்களின் பாஸ்போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் எதுவும் கேட்கவில்லை.

அவரே சொன்னார். "உங்க சம்சாரம் இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டாங்க. வெளிய மரத்தடியில உக்காந்திருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

தாளில் வரிசையாகச் சின்னக் கட்டங்கள். இரண்டில் டிக் அடித்திருந்தார்கள். மனுச் செய்த மனைவி அமெரிக்காவில் குடியிருக்கிறார், அல்லது குடியேறப் போகிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்பது ஒன்று. மனைவியின் வருமானம் போதாததால், அங்கே நிரந்தரமாக வசிக்கும் வேறொருவர் கணவரின் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு வருடத்துக்குள் கொடுக்காவிட்டால் மனு முடிந்துவிடும்.

நான் அமெரிக்கக் குடிமகள். அப்பா அங்கே மேல்படிப்புப் படித்தபோது பிறந்தேன். எனக்கு இரண்டு வயது ஆவதற்குள் கோபிச்செட்டிபாளையத்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. கையில் அந்த நாட்டுப் பாஸ்போர்ட், இங்கே தங்கியிருக்க ஒரு அட்டை. கோவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய தாத்தா காலம்வரை எங்கள் சொந்தக்காரர்களின் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். சர்ச்சில் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் என்னோடு பேசுவதில்லை. நாங்கள் வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம், "நீங்க எந்த ஊருங்க? அங்க யாரு வூடுங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் வீடு முடிந்துவிட்டது என்பார்கள். அப்படி நாலாவது வீடும் போன பிறகுதான், பீரோவுக்குள் கிடந்த என் பிறப்புச் சான்றிதழை எடுத்து, அமெரிக்காவுக்கே போய்விடலாம் என்று அவருக்கு விசா மனுப் போட்டோம்.

கையெழுத்துப் போடக்கூடிய ஆள் எனக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்பாவின் அண்ணன். அங்கேயே முப்பது வருடமாக இருப்பவர். கல்யாணத்துக்குப் பிறகும் என்னோடு போனில் பேசிய ஒரே பெரியவர். மும்பையிலிருந்து வந்த இரண்டாவது மாதம், ஒரு கல்யாணத்துக்காக அவர் அவிநாசி வந்தார்.

"மண்டபத்துக்கு வேண்டாம் கண்ணு, உங்கப்பா இருப்பாரு" என்று சொல்லி, மெயின் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னார். பட்டு வேட்டியோடு வந்தார். என் தலையைத் தொட்டார். என் கணவர் எழுந்து நின்று வணங்கினார். "உக்காருங்க தம்பி" என்றார் பெரியப்பா. மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டீயும் பப்ஸும் வந்தன. அவர் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நீ அனுப்புனப்பவே அங்க ஆடிட்டர்கிட்டக் காட்டுனேன் கண்ணு. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு போனாக்கூட, பொறுப்பு எம்மேலதான் இருக்குமாம்."

"நாங்க ஏன் பெரியப்பா பிரியப் போறோம்?"

"எல்லாருமே அப்படித்தான் கண்ணு சொல்லுவாங்க." சிரித்தார். "நீ வா. மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது. உனக்கு விசாவா கிசாவா, நாளைக்கே ஏறிக்கலாம். வந்து இரு, வேலை தேடு. அட்ரஸ்ஸும் ஆச்சு. தம்பிக்கு அப்பறம் மெதுவாப் பாத்துக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி, வேறு ஊரில் இருப்பவரைப் போலப் பேசினார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். என் கணவர் பாரத்தை மடித்துக் கவரில் வைத்து, "சரிங்க" என்றார்.

கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் கருமத்தம்பட்டி தாண்டும்வரை அவர் அந்தக் கவரை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு, "நீ போயிரு அம்மணி" என்றார்.

"தனியாவா?"

"தனியாத்தான். ஒரு ரெண்டு வருசம். நீ சம்பாரிச்சு நீயே கையெழுத்துப் போட்டுரு. யாருகிட்டயும் போயி நிக்க வேண்டாம்."

"உங்கள உட்டுப்போட்டு நான் போக மாட்டேனுங்க."

அதை அன்பு என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் பயமும் இருந்தது. அந்த மாடி அறையில் நான் தனியாக இருப்பேன். தினமும் சாப்பாட்டு மேஜையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் மெதுவாக, மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு வருடம் கழித்து நான் யாராக இருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

போகாமலேயே குடியிருப்பை நிரூபிக்க வழி தேடினேன். அங்கே ஒரு பேங்க் கணக்குத் தொடங்கலாம் என்றார்கள். பேங்கில் அங்கத்து விலாசம் கேட்டார்கள். பள்ளிக்கூடங்களுக்கு வேலை கேட்டு எழுதினேன். எங்கிருந்தும் பதில் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே கடைசியாகக் குடியிருந்த விலாசத்தை வைத்து வாக்காளராகப் பதியலாம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். கடைசியாக நான் அங்கே குடியிருந்தபோது எனக்குப் பேச்சே வந்திருக்காது. விலாசம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒரு மதிய இடைவேளையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"அம்மா, நாம அங்க இருந்த வூட்டு அட்ரஸ் வேணும்."

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு கட்டட எண், மாடி, கதவு எண், தெரு, ஊர் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் ஒப்பித்தாள். எங்கும் பார்த்துப் படித்த மாதிரி இல்லை.

"போறயா?" என்றாள்.

"தெரியலீங்கம்மா."

"அந்த வூட்டுல குளிர் ஜாஸ்தி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பின் நான் அழைத்தபோது எடுக்கவில்லை.

வாக்காளர் பதிவு கிடைத்தது. அதையும், வேலை கேட்டு எழுதிய கடிதங்களையும், 'விசா கிடைத்ததும் இருவரும் சேர்ந்தே போவோம்' என்று நான் எழுதிய உறுதிமொழியையும் சேர்த்து அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து மின்னஞ்சலில் பதில் வந்தது. ஆதாரம் போதாது. கூட்டுப் பொறுப்பாளரின் பாரமும் வரவில்லை. பெரியப்பாவுக்கு இன்னொரு முறை எழுதினேன். 'உன் ரூம் அப்படியே இருக்கிறது' என்று பதில் போட்டார்.

மீதி மாதங்களில் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை என்பதைக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் நைட் டியூட்டி முடிந்து வருவார், நான் பள்ளிக்குக் கிளம்புவேன். ஒருநாள் காலையில் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்க" என்றார். "பேரு குடுத்துப்போட்டேன். ரெண்டு வருச ஒப்பந்தம்."

தனியாகவா என்று இந்த முறை நான் கேட்கவில்லை. அவரைப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைப் போகச் சொன்னபோது நான் மறுத்தேன். நான் மறுத்ததால்தான் அவர் போகிறார் என்று தோன்றியது. அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம். அடுத்த மாதம் பீளமேட்டு ஏர்போர்ட்டில் அவரை வழியனுப்பினேன். பெட்டியில் பாதி இடம் காலியாகவே போனது.

அவர் போய் ஐந்து வாரத்தில் மனு முடிக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வாசித்தேன். நான்கே வரி. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று போனில் சொன்னேன்.

"சரி, உடு" என்றார். பிறகு, "அரிசி தீந்துபோச்சுன்னயே, வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

"வாங்கிட்டேனுங்க" என்றேன். வாங்கியிருக்கவில்லை. ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு இன்னும் பழகவில்லை.