வாசலில் சிக்கிய அலுமாரி

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம்தான். பஸ் வளைவில் திரும்பினாலே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் மர வேலையில் இறங்கிவிட்டால் வேறெதுவும் கண்ணில் படாது. அந்தப் பெருமழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு வெடிப்பு விட்டதும் அப்படித்தான் என் கண்ணில் படவில்லை. என் மனைவிதான் பார்த்தாள்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு அறை, ஒரு காம்பரா. முன்னால் திண்ணை மாதிரி ஒடுக்கமான இஸ்தோப்பு, பின்னால் சுவரை ஒட்டி மண்மேடு. காம்பராவுக்கு வாசல் ஒன்றுதான். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. வழக்கமாக இஸ்தோப்பில் உட்கார்ந்துதான் வேலை செய்வேன். அந்த மாதம் சாரல் அடித்து அங்கே வைத்த பலகையெல்லாம் ஊறிப்போனதால், கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு பெண் வீட்டார் சீருக்குச் சொல்லியிருந்த கலியாண அலுமாரியை உள்ளேயே செய்தேன். நல்ல பலா மரம். மெஷின் கிடையாது, கைவாள், இழைப்புளி, உளி, அவ்வளவுதான். இரும்பாணி ஒன்றுகூட அடிக்காமல், பசை வைத்து மர ஆணி இறக்கிச் செய்தேன். செய்து முடித்து அதைத் தடவித் தடவிப் பார்த்ததை இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

அலுமாரியின் உச்சியில் முன்பக்கமாக நீட்டிக்கொண்டு ஒரு பூவேலைப் பலகை நிற்கும். அதைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் மாட்டுவோம். லயத்து வாசலின் அகலம் தெரிந்தவன் வேறு மாதிரி செய்யமாட்டான். ஆனால் அந்த வீட்டார், நல்ல நேரத்துக்குள் முழு அலுமாரியாக எங்கள் வாசலைத் தாண்ட வேண்டும், குறையோடு சாமான் வந்தால் ஆகாது என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு, முதல் நாளே பலகையை மாட்டி மர ஆணியும் இறக்கிவிட்டேன். வாசலை அளந்தது பலகை இல்லாத அலுமாரிக்கு. என் மூளை எங்கே மேயப் போயிருந்ததோ!

மறுநாள் காலை, மண் சரியப் போகிறது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். லயமே காலியானது. பக்கத்துக் காம்பராக்காரர்களோடு எங்கள் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டோம்.

“நாமளும் போயிருவோங்க. பின்னால மேடு வெடிச்சிருக்கு, கையே உள்ள போகுது” என்றாள் மனைவி.

“அரை மணி நேரம் புள்ள. இத இஸ்தோப்புக்கு இழுத்து வச்சிட்டுப் போயிருவோம். நல்ல நேரம் முடியப்போகுது.”

படுக்கவைத்துத் திருப்ப இஸ்தோப்பில் இடமில்லை. நிமிர்த்தியபடியே பக்கவாட்டில் நான் வெளியிலிருந்து இழுத்தேன், அவள் உள்ளேயிருந்து தள்ளினாள். பாதி தாண்டியதும் பூவேலைப் பலகை வாசல் நிலையில் முட்டியது. வந்துவிடும் என்று தம் பிடித்து இழுத்தேன். அப்படியே இறுகிவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. வாசலில் அலுமாரி, உள்ளே என் மனைவி. இடுக்கில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது.

அப்போதுதான் பின்னால் மேட்டில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

“என்னங்க, சுவத்துலருந்து சேறு வருது!”

விறகு கொத்துகிற கோடாலி என் காலடியில் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய், இஸ்தோப்பு மூலையில் இருந்த கருவிப் பெட்டியைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். மர ஆணிகளை எடுத்துவிட்டால் பலகை முழுசாகக் கழன்று வரும், அலுமாரியில் ஒரு கீறல் விழாது. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் கணக்கு ஓடியது. முதல் ஆணியில் உளியை வைத்துத் தட்டினேன். உளி வழுக்கியது. மறுபடி வைத்தேன்.

“முழங்காலுக்கு வந்திருச்சுங்க” என்றாள். அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

உளியை வீசிவிட்டுக் கோடாலியை ஓங்கினேன். “தள்ளி நில்லு புள்ள!” என்று போட்ட சத்தம் என் குரல் மாதிரியே இல்லை. நான் செய்த பொருத்து லேசில் விடவில்லை. நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்கியதற்காக என்னை நானே திட்டிக்கொண்டு வெட்டினேன். அலுமாரியின் இந்தப் பக்கத்துப் பலகை பிளந்தது. அந்தப் பக்கத்துப் பலகையையும் பிளந்து காலால் உதைத்தேன். அந்த ஓட்டைக்குள் கையை விட்டு அவளை இழுத்தேன். சேலை கிழிய, முழங்கை சிராய்க்க, அலுமாரிக்குள் புகுந்து வெளியே வந்தாள். ரோட்டுக்கு ஓடித் திரும்பிப் பார்த்தபோது காம்பராவின் பின்சுவர் இல்லை. கூரைத்தகரம் சேற்றின் மேல் கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கலியாண அலுமாரியையே வெட்டிப்போட்டுப் பொண்டாட்டியைக் காப்பாற்றினான் என்று ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். யாரோ பிளேன்டீ கொடுத்தார்கள். கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன்.

எல்லாரும் விலகிய பிறகு அவள் கேட்டாள். “இடுக்குல பாத்துக்கிட்டுத்தாங்க இருந்தேன். கோடாலி கால்மாட்டுலதானே கெடந்துச்சு?”

“உளின்னா சீக்கிரம் முடியும்னு நெனச்சேன்” என்றேன்.

பசை வைத்து இறக்கிய மர ஆணியை எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். கலியாணமான நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மரச்சீவல் அள்ளுகிறவள் அவள்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு, சின்னவளின் தலையைத் துவட்டப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. மழை பிடிக்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.