மோட்டார் இல்லாத இருவருக்கு ஒரு மோட்டார் கொட்டகை

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டிய நேரத்தில், நான் ஒரு மோட்டார் கார் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தேன். வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கொட்டகை யாருக்கு என்று சண்டை.

இருவரிடமும் மோட்டார் கிடையாது.

சரி, வாங்கப் போகிறார்களா? அதுவும் இல்லை. ஓட்டவாவது தெரியுமா? ஒருவருக்கு டிராமில் ஏறினாலே தலை சுற்றும். மற்றவர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்ததே, அவருடைய துரை மோட்டாரிலிருந்து கைக்குட்டையைக் கீழே போட்டபோது எடுத்துக் கொடுக்கக் குனிந்த அன்றுதான்.

டிராமில் தலை சுற்றுகிறவர் அருளப்பன். கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிக்கூட வாத்தியார். பினாங்குக்கு மாற்றலாகி வரவிருந்தார். கைக்குட்டை எடுத்துக் கொடுத்தவர் சவரிமுத்து. இங்கே ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. இருவரும் சகலைகள். அருளப்பன் அக்காள் மரியம்மாவைக் கட்டியவர். சவரிமுத்து தங்கை லூர்துவைக் கட்டியவர். கிறிஸ்மஸுக்கு மாமனார் வீட்டில் முதல் இலை மூத்த மருமகனுக்கு. சம்பளம் அதிகம் வாங்குவது இளைய மருமகன். இந்த அநியாயத்தை சவரிமுத்து எட்டு வருஷமாகச் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

இவர்கள் ஏன் சேர்ந்து வீடு பார்க்க வேண்டும்? அது பெண்களின் ஆசை. ஆசை என்று சொல்வது தப்பு. பயம்.

லூர்துவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இரண்டாவது தடவை வலி கண்டபோது புருஷன் ஆபீஸில், அக்காள் கடலுக்கு அந்தப் பக்கம். பெரிய வீடு, கெட்டிச் சுவர். கூப்பிட்ட குரல் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை. யாரோ வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது மறுபடியும் மாதமாக இருந்தாள். அக்காள் மாற்றலாகி வருகிறாள் என்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்துப் பக்கத்து வீடு.

சரி, இதில் நான் எங்கே வந்தேன்? பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் முன்பு ஒரு தடவை என் வாடகை வீட்டு ஒழுகலைப் பற்றி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து வீடு பார்க்கப் போகிற தெரிந்தவர்களெல்லாம் வைத்தியரைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போய்த் தொலைக்கிறேன்.

ஊருக்கு வெளியே, ஆயர் ஈத்தாம் பக்கம் இப்போது புது வீடுகள் எழும்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் மோட்டார் கொட்டகை உண்டு. கிணறு இல்லாத வீடு பார்த்தேன், கக்கூசுக்கு வழி இல்லாத வீடு பார்த்தேன். மோட்டார் கொட்டகை இல்லாத வீட்டை மட்டும் தரகர் காட்டவே இல்லை.

முதல் வீட்டில் கொட்டகை பின்பக்கம், அடுக்களையை ஒட்டி. பெட்ரோல் வாடை சோற்றில் ஏறுமே என்று நான் யோசித்தேன். அருளப்பனுக்கு வேறு கவலை.

"பின்னால வச்சா ரோட்டுல போறவனுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும்?" என்றேன்.

"மோட்டார் காடிக் கொட்டா இருக்குன்னு."

அந்த வீடு போயிற்று.

அடுத்த வீட்டில் முன்பக்கமே தூண் வைத்து, கூரை இழுத்து, வாசற்படிவரை வண்டி வந்து நிற்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். மழைக்கு நல்ல வசதி. எனக்கே பிடித்தது. ரிக்ஷாவில் வந்து இறங்கினாலும் நனைய வேண்டாம். சவரிமுத்து மட்டும் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் சரியில்லை.

"கதவு இல்லியே அண்ணே."

"இதுக்கு எதுக்குக் கதவு?" என்றேன்.

"தெறந்து கெடந்தா உள்ள ஒண்ணும் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்லா."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அருளப்பன் தன் சகலையை ஆமோதித்தார். "தம்பி சொல்றது நியாயம்தான்."

புரிகிறதா? கொட்டகை முன்பக்கம் இருக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. அதற்குக் கதவும் இருக்க வேண்டும், யாரும் பார்க்காமல் இருக்க. வீடு கட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு வீடு இருக்கவும் இருந்தது. ஒரே கூரையின் கீழே இரண்டு வீடு. நடுவில் ஒரு சுவர். முன்பக்கம் பச்சை வண்ணம் அடித்த இரட்டைக் கதவோடு மோட்டார் கொட்டகை. கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. உள்ளே மோட்டார் இருக்கிறதா, எலி இருக்கிறதா என்று ரோட்டில் போகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இரண்டு பேருடைய முகமும் மலர்ந்துவிட்டது.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கொட்டகைக்கு ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை. அடுக்களைக்குத் தகரக் கூரை, மண் தரை. இல்லாத மோட்டார் வெயிலில் வாடக் கூடாது. நாள் முழுதும் அடுப்படியில் நிற்கிறவள் வெந்தால் பரவாயில்லை. இதைக் கட்டிய சீன முதலாளி தவுக்கேயைத் திட்ட எனக்கு வாய் துடித்தது. ஆனால் வாங்க வருகிறவன் எதைப் பார்க்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடுக்களைக்குள் அந்த இரண்டு ஆண்களும் கால் வைக்கவே இல்லை.

பெண்கள் நேரே அங்கேதான் போனார்கள். மரியம்மா இடது வீட்டு அடுக்களையில், லூர்து வலது வீட்டு அடுக்களையில்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது. நீ மூச்சு விடறதுகூடக் கேக்குது."

"அப்ப உங்க வீட்டுச் சண்டையெல்லாம் கேட்டுடுமே."

"உங்க வீட்டுலேர்ந்து பதில் சண்டை போடு. நேரம் போவும்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது. சுவர் அவ்வளவு மெல்லிசு. கட்டினவன் செங்கல்லைத் திருடியிருக்கிறான். வீடு பார்க்கத் தெரிந்தவன் யாராயிருந்தாலும் இதைக் குறை என்று சொல்வான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சுவருக்காகவே அந்த வீட்டை வாங்கலாம்.

ஆனால்... வீடு இரண்டு, கொட்டகை ஒன்று. அதுவும் இடது வீட்டுக்கு மட்டும். வலது பக்கம் பெரிய சாக்கடை ஓடுவதால் இன்னொன்று கட்ட இடமில்லை. அதற்குப் பதிலாக வலது வீட்டுக்கு ஓர் அறை கூடுதல். அறை யாருக்கு வேண்டும்?

"மூத்த மருமகன் நான். கொட்டா எங்க பக்கம்," என்றார் அருளப்பன்.

"பந்தியில முன்னால உக்காருங்க அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. இது பந்தி இல்ல. நாளைக்கு எங்க தொரை வீட்டுக்கு வந்தா காடிய எங்க விடுவாரு?"

"உங்க தொரை உன் வீட்டுக்கு வராரா? உன் பேரே அவருக்குத் தெரியாதே தம்பி."

"மிஸ்டர் அருளப்பன், பாத்துப் பேசுங்க."

அண்ணன் மிஸ்டர் ஆனதும் காரியம் கெட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நடுவில் பலகை வைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"பாதிக் கொட்டாயில எந்தக் காடி நிக்கும்?" என்றார் சவரிமுத்து.

"முழுக் கொட்டாயில எந்தக் காடி நிக்கப் போவுது?"

இருவரும் என்னை முறைத்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை. சரி, சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அருளப்பனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"திருநாள்ல முதல் மரியாதைய சீட்டுப் போட்டா குடுக்கறாங்க?"

சொல்லிவிட்டார். முதல் மரியாதை. கோவிலில் தேர் வடத்தை யார் முதலில் தொடுவது, கல்யாணத்தில் சந்தனம் யாருக்கு முதலில், சாவு வீட்டில்கூட யார் முன்னால் நடப்பது... இந்து, கிறிஸ்தவன் என்ற வித்தியாசமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கிடையாது. இவர்களுடைய அப்பன் பாட்டன் எல்லாம் கப்பல் தட்டில் ஒருவர்மேல் ஒருவர் படுத்து, வாந்தி எடுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர்கள். அங்கே யாருக்கு முதல் மரியாதை கொடுத்தார்கள்? கரையேறி, சட்டை போட்டு, சம்பளம் வாங்கியதும் இது எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது?

சத்தம் கேட்டுப் பெண்கள் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்வளவுதானா? தங்கச்சி கொட்டாப் பக்கம் வரட்டும். எங்களுக்குக் கொட்டா வேணாம்," என்றாள் மரியம்மா.

"எனக்கும் வேணாம்க்கா. நீங்களே வச்சுக்குங்க. துணி காயப்போட ஆவும்," என்றாள் லூர்து.

முடிந்ததா? ஒரு மூச்சில் முடிந்திருக்க வேண்டியது. இரண்டு ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நீ சும்மா இரு." அருளப்பன் மேலும் சொன்னார், "இது பொம்பளைங்க விவகாரம் இல்ல."

"அப்ப புள்ளைய யாரு பெத்துக்கப் போறது? நீங்களா?" என்றாள் மரியம்மா.

ஆண்கள் இருவரும் ஆளுக்கு ஒரு திசையில் புறப்பட்டுவிட்டார்கள். லூர்து மட்டும் திரும்பிப் போய் அந்த அடுக்களைச் சுவர்மேல் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

தரகர் இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு பாலிக் புலாவைச் சேர்ந்த டுரியான் பழத் தோட்டக்காரர் ஒருவர் இரண்டு வீட்டையும் சேர்த்து வாங்கிவிட்டார். மோட்டார் கொட்டகையில் இப்போது டுரியான் கூடைகள். யாரும் கதவைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. ரோட்டில் போகிறவன் மூக்கே சொல்லிவிடும்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? அருளப்பன் ஊரின் ஒரு கோடியில் கொட்டகை வைத்த வீடு தேடினார். சவரிமுத்து மறு கோடியில் தேடினார். லூர்துவுக்கு மாதம் ஏறிக்கொண்டே இருந்தது. சவரிமுத்துவைத் தெருவில் பார்த்து, உன் பெண்சாதி பிழைப்பாளா என்று யோசித்தாயா என்று நேராகவே கேட்டேன். "நீங்க மிஸ்டர் அருளப்பன் பக்கம்," என்றார். நான் திரும்பி நடந்துவிட்டேன். இன்னும் நின்றிருந்தால் கை நீண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் மரியம்மா தனியாகக் கப்பல் ஏறி வந்து, தங்கையையும் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, எங்களுக்குச் சேர்ந்தாப்ல எடம் வேணும். கொட்டா வேணாம்."

டத்தோ கிராமாட் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மேல்மாடி காலியாக இருந்தது. கீழே ரிக்ஷா பழுது பார்க்கிற கடை. மேலே இரண்டு குடித்தனம், நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் கொசு பாடினால் இந்தப் பக்கம் கேட்கும். பெண்கள் ஏறிப் பார்த்தார்கள். வேறு எதையும் கேட்கவில்லை. அந்த வாரமே சாமான்கள் ஏறிவிட்டன. புருஷனிடம் மரியம்மா சொன்னதை அவளே என்னிடம் சொன்னாள்: "நான் தங்கச்சிகிட்ட போறேன். ஒங்களுக்குக் கொட்டா கெடைச்சா சொல்லி அனுப்புங்க."

யார் சொல்லி அனுப்பினார்கள்? சோறு போன இடத்துக்கு அருளப்பன் போனார். சவரிமுத்துவும் பின்னாலேயே போனார். போகாமல்?

வலி கண்டது ஒரு மத்தியானம். ஆண்கள் இருவரும் வேலையில். லூர்து ஒரு தடவை கூப்பிட்டாளாம். அக்காள் வந்துவிட்டாள். கீழே கடைக்காரன் பழுது பார்த்து வைத்திருந்த ரிக்ஷாவை எடுத்துக்கொண்டு ஓடி மருத்துவச்சியை அழைத்து வந்தான். பெண் குழந்தை. நல்ல குரல். தெரு முழுக்கக் கேட்கிறது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஞானஸ்நானம் வந்ததே. ஞானத்தகப்பன் யார்? மூத்தவன் நான் இருக்கும்போது இது என்ன கேள்வி என்றார் அருளப்பன். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க்கைக் கேட்டாகிவிட்டது என்றார் சவரிமுத்து. மாடிப்படியில் நின்று இருவரும் தொடங்கினார்கள். அண்ணன் மறுபடியும் மிஸ்டர் ஆனார். அறைக்குள் படுத்திருந்த லூர்து, குழந்தையைப் பார்க்கப் போயிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஞானத்தகப்பனா நீங்க வந்து நில்லுங்க. இவங்க ரெண்டு பேரும் படியிலயே நிக்கட்டும்."

போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் நின்றேன். கோவிலுக்கு நடந்தே போனோம். மரியம்மா குழந்தையை வைத்திருந்தாள். நான் குடை பிடித்தேன். அப்பாவும் பெரியப்பாவும் எங்களோடு வரவில்லை. யார் முன்னால் போவது என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வேகவேகமாக நடந்தார்கள். நடந்த வேகத்தில் கோவிலைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

நாங்கள் கூப்பிடவில்லை.