சூடு படாத துண்டு

என் மேசையில் ஒரு கறுப்பு வில்லை கிடக்கிறது. பெரிய பொத்தான் அளவு. நடுவில் நகத்துண்டு போல் அலுமினியக் கலவை பதிந்திருக்கும். காகிதம் பறக்காமலிருக்க வைத்திருப்பதாகக் கேட்பவர்களிடம் சொல்வேன். உண்மையில், உலைக்கூடத்து அண்ணனை மறந்துவிடக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. நான் ஆய்வு மாணவி. அலுமினியத் தகட்டின் மேல் எஃகு மணிகளை விடாமல் மோதவிட்டால், மேற்பரப்புப் படிகங்கள் நொறுங்கி நானோ அளவாகி, அந்த மெல்லிய அடுக்கு மட்டும் கெட்டிப்படும். சூடு பட்டால் பொடிப் படிகங்கள் மறுபடி பெருத்து, கெட்டித்தன்மை போய்விடும். எவ்வளவு சூடு வரை தாங்கும் என்பதுதான் என் ஆய்வு. உலையைப் பார்த்துக்கொண்டவர் அண்ணன். கொல்லிமலைக்காரர், தற்காலிக வேலை. ஒவ்வொரு துண்டையும் தனிக் காகிதத்தில் மடித்து, வெப்பநிலையை எழுதி, நூல் கட்டித் தருவார். அவர் வீட்டில் விதையை அப்படித்தான் முடிந்து வைப்பார்களாம்.

ஒப்பிடுவதற்காக ஒரு துண்டை உலையில் வைக்காமல் ஒதுக்கியிருந்தோம். அதில் பாதியை, மற்றவற்றைப் போலவே இயந்திரத்தில் கறுப்பு வில்லைக்குள் பதித்து நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் படிகங்களும் பெருத்துக் கிடந்தன. உலையில் வைத்த துண்டோடு மாற்றிவிட்டார் என்று எனக்கு ஆத்திரம்.

"இல்லீங்க அம்மிணி. காயிதத்துல எழுதுனதப் பாத்துத்தானுங்க வெச்சேன்" என்றார்.

நான் காது கொடுக்கவில்லை. பேராசிரியரிடம் எழுதியே கொடுத்தேன். அந்த மாதத்தோடு அவர் வேலை போயிற்று.

சில வாரங்களில் வில்லை வார்க்கும் இயந்திரம் பழுதானது. அண்ணன் நூல் கட்டி வைத்திருந்த மறுபாதியை, சூடில்லாமல் இறுகும் தெளிவான பிசினில் பதித்துப் பார்த்தேன். படிகங்கள் பொடிப்பொடியாக அப்படியே இருந்தன. கறுப்புத் தூளை உருக்கி வில்லையாக்க அந்த இயந்திரம் கொதிநீரைவிடக் கூடுதலாகச் சூடேறும். அந்தச் சூடே முதல் பாதியைக் கெடுத்திருக்கிறது. சூட்டை ஆராய வந்தவள், துண்டைச் சூட்டில் அமுக்கிவிட்டு அடுத்தவரைக் குறை சொல்லியிருக்கிறேன். சோதனைகளைச் சத்தமில்லாமல் மறுபடி செய்தேன். பட்டம் கைக்கு வரும்வரை, ஓராண்டு, வாய் திறக்கவில்லை.

பிறகுதான் சேந்தமங்கலத்தில் கொல்லிமலை பஸ் ஏறினேன். செம்மேட்டில் இறங்கி வழி கேட்டு நடந்தேன். அண்ணன் நடுவதற்கு மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வில்லைகளையும் அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் துண்ட மாத்தலைங்களா?"

"இல்லீங்கண்ணா. தப்பு என்னுதுங்க."

"நாந்தான் மாத்திப்போட்டனாட்ட இருக்குதுன்னு ஊட்லயும் சொல்லிட்டனுங்க. படிச்சவங்க நீங்களே சொல்றப்ப வேற எப்படிங்க இருக்கும்?"

வாசலில் நின்ற அவர் மனைவி, "அதுலிருந்து கதவப் பூட்டிப்போட்டு மூணு தடவ திரும்பி வந்து பாக்கறாருங்க. அவரு கையவே அவரு நம்பறதில்லீங்க" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார். "இது எப்பங்க அம்மிணி தெரிஞ்சுது?"

"போன வாரந்தானுங்கண்ணா" என்றேன்.

"தெரிஞ்சதும் மல ஏறி வந்துட்டீங்க பாருங்க" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தெளிவான வில்லையை அக்கம்பக்கத்தில் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கறுப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஒரு வாரம் ஓராண்டு என்று சொல்ல நான் இன்னும் மலை ஏறவில்லை.