மாடத்தியின் சோறும் துரையின் தும்மலும்

மாடத்தி சமைத்ததை வேண்டாம் என்று சொன்னவர்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் யாரும் கிடையாது. சுக்கு கோடவுனில் அவளோடு தரையில் உட்கார்ந்து சுக்கு தரம் பிரிக்கும் முப்பது பெண்களும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலில் எட்டிப் பார்ப்பது அவள் தூக்குச்சட்டிக்குள்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் அவள் போட்ட சோறு மீந்ததே இல்லை. அப்பேர்ப்பட்டவளின் சோற்றை ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

ஒரு நாள் இல்லை, தினமும்.

மழைக்காலத்தில் கோடவுன் வாசலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அவள்தான் முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பால் குடித்த வரைக்கும் ஒரு வம்பும் இல்லை. சோற்றுக்கு மாறிய அன்று தொடங்கியது வினை. தட்டை வைத்ததும் முன்னங்கால் இரண்டையும் சேர்த்து மரியாதையாக உட்காருவது, மூக்கை நீட்டுவது, ஒரு தும்மல், பிறகு தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வது. அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் அவள் புருஷன் அழகர் அதற்கு 'துரை' என்று பெயர் வைத்தான். வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன், நக்கலுக்குக் குறைச்சல் இல்லாதவன்.

"ஏட்டி, சோத்தப் பாத்துத் தும்முத நாய இப்பத்தான் பாக்கேன். மேசை நாற்காலி போட்டு வச்சுப் பாரு."

மாடத்தி மேசை மட்டும்தான் போடவில்லை. மத்திக் குழம்பு வைத்து, ஒரு முள் விடாமல் விரலால் ஆய்ந்தெடுத்துச் சோற்றில் பிசைந்தாள். துரை தும்மினார். முட்டையை அவித்து உதிர்த்துப் பிசைந்தாள். தும்மினார். கோழியை நார் நாராகக் கிழித்து, குழந்தைக்கு ஊட்டுவது போல மசித்து, உருண்டை பிடித்து வாயருகே கொண்டுபோனாள். "ஏலே ராசா, ஒரு வாய் வாங்குலே." துரை நாலு தும்மல் போட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டார்.

இதே துரை, பக்கத்து வீட்டு ரம்லத் தன் வாசலில் நின்றபடி தூக்கிப் போடும் ரஸ்க்கை மண்ணோடு தின்பார். சாயாக்கடைச் சேட்டன் வீசும் பிஸ்கட்டைத் தரையில் விழவே விடமாட்டார். அதுதான் மாடத்திக்குத் தாங்கவில்லை. பசிக்காத நாய் என்றால் போகிறது என்று விடலாம், தன் சோறு மட்டும் ஆகாத நாயை என்ன செய்வது? ராத்திரியானால் அவள் வேலைக்குக் கட்டும் பழைய சேலையில் மூக்கைப் புதைத்து, ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் தூங்குவார். பாசம் இருக்கிறது. சோற்றின் மேல்தான் இல்லை.

விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் தோப்பும்படியில் இருக்கும் மிருக டாக்டர் ஹரிஷங்கரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார். நோய் ஒன்றுமில்லை என்றார். பிறகு மாடத்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேச்சி தினம் ஒரு கறி மாத்தினா, அவன் நாளைக்கு இன்னும் நல்லது வரும்னு காத்திருப்பான். ஒரே சாப்பாடு, ஒரே நேரம். வச்சிட்டுத் தள்ளிப் போயிடணும், கெஞ்சக் கூடாது. பதினஞ்சு நிமிஷத்துல தட்ட எடுத்திடணும். இடையில ரஸ்க்கும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம்."

கெஞ்சாமல் சோறு போடுவது மாடத்தியின் ரத்தத்திலேயே கிடையாது. இருந்தும் செய்தாள். பிசைந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ரஸ்க்கு நின்றது, பிஸ்கட் நின்றது. துரை தட்டின் ஓரத்தில் நாலு பருக்கை நக்கினார், தும்மினார், போனார். நாலு நாள் இதே கூத்து. நாய் இளைத்தது, மாடத்தியும் கூட இளைத்தாள்.

யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் அம்ருதா, பாலக்காட்டுப் பெண், நாய்ப் பைத்தியம். மாடத்தி வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் துரையைக் கொஞ்சிவிட்டுத்தான் போவாள். துரையின் விலாவைப் பார்த்துவிட்டு, "சேச்சி, நான் வேணா கொண்டுபோய் வளக்கட்டா?" என்றாள். மாடத்தி அன்றைக்கு முறைத்தாள். ஐந்தாம் நாள் தானே போய், சனிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிப் போ என்று சொல்லிவிட்டாள். தன்னிடம் இருந்து சாவதை விட அவளிடம் இருந்து பிழைக்கட்டும். சொல்லிவிட்டு வரும் வழியெல்லாம் அழுதாள்.

சனிக்கிழமை அம்ருதா துரையின் கழுத்துக்குப் புதுச் சிவப்புப் பெல்ட்டோடு வந்தாள். ரம்லத்தும் வாசலில் வந்து நின்றாள். மாடத்தி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள்.

"கடைசியா ஒரு வாய் போட்டுடுதேன் மோளே. தின்னாலும் சரி, தும்முனாலும் சரி."

ஆறிய சோற்றையும் கோழிச் சாற்றையும் கரண்டியால் அள்ளித் தட்டில் ஊற்றினாள். பிசைய உட்கார்ந்தவளுக்குக் கை எழவில்லை. அப்படியே தள்ளிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் தட்டு தரையில் உராயும் சத்தம். பிறகு சுவரில் மோதும் சத்தம்.

திரும்பிப் பார்த்தால் துரை தட்டைத் துரத்திக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு பருக்கை இல்லை.

மாடத்திக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. "போற அன்னிக்கு விருந்தோலே? என்னைய விட்டுப் போறதுல அம்புட்டு குஷியா?" என்று கத்திக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டாள். இந்த முறை வீம்போடு, எப்போதும் போல நன்றாகப் பிசைந்து வைத்தாள். துரை ஆசையாக ஓடி வந்தார். முகர்ந்தார். தும்மினார். தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் தட்டைக் கரண்டி மட்டும்தான் தொட்டது, இரண்டாவதைக் கை பிசைந்தது. அதைக் கவனித்த அம்ருதாதான் முதலில் குனிந்து மாடத்தியின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

அடுத்த நிமிஷம் அவள் போட்ட தும்மலில் பெல்ட் பறந்து போய் விழுந்தது. இரண்டு, மூன்று, நாலு. கண்ணில் தண்ணீர் வழிய, "சுக்கு! சேச்சி, கை பூரா சுக்கு!" என்றாள்.

மாடத்தி தன் கையைத் தானே முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷமாக மூக்கிலேயே குடியிருக்கும் வாசனை எப்படித் தெரியும்? கோடவுனைப் படம் எடுக்க வரும் வெள்ளைக்காரர்கள் வாசலிலேயே தும்முவதைப் பார்த்து, தானும் முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் வந்தது. எவ்வளவு ஆசையாகப் பிசைந்தாளோ அவ்வளவு சுக்கு துரையின் மூக்கில் ஏறியிருக்கிறது.

"நீங்க எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே சுக்குக் காப்பி குடிச்ச மாதிரி இருக்குமே அக்கா," என்றாள் ரம்லத்.

"அடிப்பாவி, அத ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"நாய்க்குச் சளி பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்!"

அவ்வளவுதான். அம்ருதா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரம்லத் கதவைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்த அழகர் என்ன ஏது என்று தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

மாடத்தி கையைக் கழுவவில்லை. கழுவினாலும் போகாது என்று அவளுக்குத் தெரியும். மிச்சச் சோற்றைக் கரண்டியால் வேறு தட்டில் போட்டாள். துரை அதையும் காலி செய்துவிட்டு வந்து, அவள் மடியில் கிடந்த கையை முகர்ந்தார். பெரிதாக ஒரு தும்மல் போட்டார். பிறகு அந்தக் கையின் மேலேயே முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டார்.

"சோறுதான்லே ஒனக்கு ஆகல, நான் ஆவேன் என்ன?" என்று கேட்டபோது மாடத்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு அம்ருதாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மோளே, அந்தச் செவப்புப் பெல்ட்ட மட்டும் இங்கன வச்சிட்டுப் போறியா?"